போர்வை விற்காத ஊர்

5 ஜூன், திங்கள்

நேற்று மாலை ஆறரை மணிக்கு வாசுகி தன் மகள் தன்ஷிகாவோடு பிவண்டியிலிருந்து பஸ் ஏறி, புனேயில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கையில் ஒரே ஒரு பை. குழந்தைக்கு நாலு மாற்றுத்துணி, தன் பி.பார்ம் சான்றிதழ், மருந்தாளுநர் பதிவுப் புத்தகம். தனக்கென்று ஒரு சீப்புகூட எடுத்து வரவில்லை. மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் வந்திருக்கிறாள்.

என் மனைவி மயிலாத்தாள் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். நான்தான் கேட்டேன், கையில் என்ன என்று.

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டன்னு ஆஸ்பத்திரில எழுதியிருக்குது. நீங்களும் அப்படியே எழுதிக்குங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.

"செரி கண்ணு, ஒரு பத்து நாள் இரு. கட்டுப் பிரிச்சதுக்கு அப்புறம் பாக்கலாம்."

"போன தடவையும் பத்து நாள்தான். அதுக்கு முந்துன தடவையும் பத்து நாள்தான். இந்தத் தடவ நான் நாள் எண்ணிக்கிட்டு வர்லீங்ப்பா."

என் போர்வைக் கடையில் இன்று மழைக்காலக் கம்பளி வந்து இறங்கியது. மேலே பிளாஸ்டிக் சுற்றாமல் அனுப்பியிருக்கிறான் பானிப்பட்டுக்காரன். பதினெட்டு பேல் கட்டும் நனைந்துவிட்டது. போனில் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன்.

6 ஜூன், செவ்வாய்

மாப்பிள்ளை ஜெகதீசன் போன் செய்தார். பேசினேன். எழுதும்படி ஒன்றுமில்லை.

9 ஜூன், வெள்ளி

மாப்பிள்ளை நேரில் வந்துவிட்டார். பத்து மணியிலிருந்து எங்கள் அடுக்ககத்தின் கேட்டருகே உட்கார்ந்திருந்தார். "சென்னாப்பா சேட்டோட மாப்பிள்ளை" என்று வாட்ச்மேன் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறான். என் பெயர் சென்னியப்பன். நாற்பத்தாறு வருடமாக இந்த மாநிலத்தில் நான் சென்னாப்பா சேட்.

தன்ஷிகா பால்கனியிலிருந்து அவரைப் பார்த்துவிட்டாள். நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. ஆறு வயதுப் பிள்ளை.

நான் இறங்கிப் போய் அவரை எதிர் டீக்கடைக்கு அழைத்துப் போனேன். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

"பத்து நாள்ல கொண்டாந்து உடறன்னீங்க மாமா. நான் பொறுத்துக்குவனுங்க. எனக்கென்னங்க. ஆனா நம்ம வியாபாரிங்க சங்கத்துல நாலு பேரு கேக்கறாங்க பாருங்க, அதுக்குத்தான் சங்கடமா இருக்குது."

குரல் ஒரு பிசிறுகூட ஏறவில்லை. டீக்கு அவரே கொடுத்தார். இந்த மனுசனா கையை முறித்திருப்பார் என்று யாருக்கும் தோன்றும். எனக்கே இரண்டு தடவை தோன்றியிருக்கிறது.

மேலே வந்தால் வாசுகி கதவருகே நிற்கிறாள்.

"பத்து நாள்னு அவருகிட்டச் சொன்னீங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது கண்ணு. எதிராளிய ஆறப்போடறதுக்கு அப்படித்தான் சொல்லோணும்."

அவள் ஒற்றைக் கையால் பால்கனியைத் துடைக்கப் போனாள். மயிலாத்தாள் துணியை வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை.

10 ஜூன், சனி

வக்கீல் சுரேகா காம்ளே அம்மாவைப் பார்த்தோம். இன்னும் அறுபது வயது ஆகவில்லை, ஆனால் என்னைப் பள்ளிப் பையனைப் போல அதட்டுகிறார். விவாகரத்தும் குழந்தையும் ஒரே மனுவில் போகிறது. முதல் உத்தரவு வரும்வரை குழந்தையை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. புனேயில் இருப்பதும் ஆபத்து. வேறு ஊரில் வீடு எடுத்து, வேலை தேடிக்கொண்டு, குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் மனுவுக்கும் பலம்.

மாநிலத் தடை இல்லாவிட்டாலும் சொந்த ஊரான சென்னிமலைக்கு அனுப்ப முடியாது. அங்கே மாப்பிள்ளை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலே வீடு.

"நல்ல ஊராப் பாத்து என்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார் வக்கீல், இந்தியில்.

"அதை என்கிட்ட விட்டுடுங்க" என்றேன். "இந்த மாநிலத்தில் நான் தட்டாத கதவு கிடையாது."

பொய்யில்லை. பதினேழு வயதில் சைக்கிள் கேரியரில் நாற்பது போர்வையைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக இறங்கியவன் நான். ஓர் ஊர் எப்படிப்பட்டது என்று ஊர்க்காரனுக்குத் தெரிவதைவிடக் கதவு தட்டி விற்றவனுக்கு நன்றாகத் தெரியும். சங்கிலி போட்ட கதவிடுக்கில் பேசும் ஊர் ஒரு ரகம். ஆண்பிள்ளை வரட்டும் என்று சொல்லும் ஊர் ஒரு ரகம். தண்ணீர் கொடுத்துவிட்டு, "இதை இந்த விலைக்குத் தருவியா, இல்லை கிளம்பு" என்று பெண்களே பேரம் பேசும் ஊர்தான் ஒசத்தி. அந்த ஊரில் பெண்பிள்ளை தனியாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட ஊர் பதினொன்றை எழுதி வைத்திருக்கிறேன். வாசுகியிடம் காட்டினேன். படித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

13 ஜூன், செவ்வாய்

சதாரா. பட்டியலில் முதல் ஊர். மலை, நல்ல தண்ணீர், தெருவுக்கு இரண்டு பட்டாளத்துக்காரர் வீடு. பொழுது சாயும்போது பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் சைக்கிளில் தனித்தனியாகப் போகிறார்கள். சத்தமாகச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

வீடு பார்க்க விஷ்ணுபந்தைக் கூட்டிக்கொண்டேன். முப்பது வருடமாக என்னிடம் சரக்கெடுப்பவன். யாருக்கு வீடு என்று கேட்டான். சொந்தக்காரப் பெண்ணுக்கு என்றேன். என்ன படிப்பு என்றான். பி.பார்ம் என்றேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே போன் வந்தது.

"மாமா, சதாராவுல மழை எப்படிங்க? அங்க வீடெல்லாம் வாடகைக்குக் கிடைக்குதுங்களா?"

பட்டியலை எடுத்துச் சதாராவை அடித்தாயிற்று. விஷ்ணுபந்துக்கு வாயில் பூட்டுக் கிடையாது என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

16 ஜூன், வெள்ளி

சாங்லி. இந்தத் தடவை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. லாட்ஜில் பெயரை மாற்றிச் சொன்னேன். ஆதார் கேட்டான், கொடுத்தேன், அவனே உரக்கப் படித்தான்.

வீதியில் ஒரு வீட்டம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒரு கம்பளியோடு வந்தாள். "சென்னாப்பா, எண்பத்து நாலில் நீ கொடுத்தது! இன்னும் ஒரு நூல் போகவில்லை பார்!" தொட்டுப் பார்த்தேன். நல்ல சரக்குதான். அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டேன். அவள் மருமகன் பிவண்டியில் துணிக்கடை வைத்திருக்கிறான் என்று எழுந்திருக்கும்போதுதான் சொன்னாள்.

சாங்லியும் போயிற்று.

17 ஜூன், சனி

நாசிக்கும் போயிற்று. எழுதப் பிடிக்கவில்லை.

19 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து நாலு நாள் ஆகிறது. தன்ஷிகா வீட்டில் உட்கார்ந்து என் பழைய லாரி ரசீதுகளின் பின்பக்கத்தில் படம் போடுகிறாள். எல்லாப் படத்திலும் கதவு. கதவுக்கு மூன்று தாழ்ப்பாள்.

மாநில வரைபடத்தை மேசையில் விரித்துப் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தேன். எங்கே எனக்குக் கடைக்காரர் இருக்கிறாரோ, எங்கே கமிஷன் ஏஜெண்ட் இருக்கிறாரோ, எங்கே என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாராவது என்னை நினைத்துக்கொண்டு இருக்கிறார்களோ, எல்லாவற்றையும் அடித்தேன். ஜெகதீசனும் அதே தொழில், அதே சங்கம், அதே லாரி ஆபீஸ். நான் தும்மினால் அவருக்கு நீர் கோத்துக்கொள்ளும். வரைபடத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. பென்சிலை வீசினேன்.

மயிலாத்தாள் அதை எடுத்து வந்து வைத்தாள்.

"ஏனுங்க, நாப்பத்தாறு வருசத்துல நீங்க போகாத ஊருன்னு ஒண்ணுகூட இல்லீங்களா?"

"பேசாம இரு. வயித்தெரிச்சல்ல இருக்கறேன்."

"பெருமைன்னு நெனச்சுட்டனுங்க. வயித்தெரிச்சலா அது?"

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் அதிலிருந்துதான் பிடித்தேன். கடற்கரைப் பக்கம்! கொங்கணக் கரையில் போர்வை விற்காது. வருடம் முழுக்க வெக்கை. எழுபத்தொன்பதில் ஒரே ஒரு தடவை போனேன். ஒரு பெரியவர் கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் போர்த்திக்கொண்டு வெந்து சாகவா?" என்று சிரித்தார். அதோடு அந்தத் திசைக்கே கும்பிடு போட்டுவிட்டேன். அங்கே எனக்கும் ஆள் கிடையாது, ஜெகதீசனுக்கும் ஆள் கிடையாது.

போர்வை விற்காத ஊர்தான் பத்திரமான ஊர். இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

24 ஜூன், சனி

வெங்குர்லா. கோவா எல்லைக்குப் பக்கத்தில் கடலோரச் சின்ன ஊர். இரண்டு நாள் சுற்றினேன். ஒரு ஆள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. டீக்கடையில் சில்லறை இல்லை என்று என்னிடம் சண்டை போட்டார்கள். நல்ல அறிகுறி.

மருந்துக்கடை ஒன்றில் பதிவு பெற்ற ஆள் தேவை என்று பலகை தொங்கியது. வீடு, நளினி பரப் என்ற அம்மாளுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்து இருபது பெண்களுக்கு வேலை கொடுக்கிறாள். கொட்டகைக்குப் பின்னால் தனி வீடு. சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் வாசல் இருக்கா?" என்று கேட்டேன்.

"யாருக்குப் பயந்து வர்றா உங்க பொண்ணு?" என்றாள் மராத்தியில்.

"யாருக்கும் பயமில்லை. ஏன் அப்படிக் கேட்கிறீங்க?"

"வாடகைக்கு வர்றவங்க முதல்ல தண்ணி வருமான்னு கேப்பாங்க. நீங்க பின்வாசல் கேட்டீங்க."

எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன். அவள் முந்திரி எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, "இரண்டாம் தேதி வரட்டும். என்கிட்ட வேலை செய்யற இருபது பேர்ல ஏழு பேர் இப்படி வந்தவங்கதான்" என்றாள்.

1 ஜூலை, சனி

வாசுகியும் குழந்தையும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். குழந்தை ஜன்னல் வழியாக, "அப்பிச்சி, அந்த ஊர்ல நெஜமாலுமே கடல் இருக்குதா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். வாசுகி முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். "ஊரு நல்லாப் பாத்திருக்கீங்கப்பா" என்றாள்.

எழுதி வைக்கிறேன். அப்படித்தான் சொன்னாள்.

5 ஜூலை, புதன்

அந்த வீட்டில் ஒரு சாமானும் இல்லை. பாத்திரம், மிக்ஸி, மெத்தை, குழந்தைக்குப் படிக்கும் மேசை, பிரித்த கட்டில், எல்லாம் வாங்கி ஐந்து கட்டாகக் கட்டி அனுப்பினேன். கொங்கண மழை லேசுப்பட்டதல்ல. உள்ளே பிளாஸ்டிக், மேலே சாக்கு, அதற்கு மேலே பட்டைக் கயிறு, நான்கு மூலையும் என் கையால் தைத்தேன். கடை ஆட்களிடம் விடவில்லை. பேல் கட்டுவதில் இந்த மார்க்கெட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கோலாப்பூர் லாரிக் கொட்டகையில் வண்டி மாறி ஆறு நாளில் போய்ச் சேரும்.

ரசீதில் என் பெயர் போடவில்லை. வாசுகி பெயரும் போடவில்லை. நளினி பரப் என்று மட்டும் போட்டேன். நமக்கா தெரியாது.

11 ஜூலை, செவ்வாய்

சாமான் சேர்ந்தது. ஒரு துளி ஈரமில்லை என்றாள் வாசுகி. மாவுக்கட்டையும் பிரித்தாயிற்றாம். மருந்துக்கடை வேலையும் கிடைத்துவிட்டதாம். குழந்தை பள்ளிக்குப் போகிறாள். மீன்காரம்மாவிடம் மராத்தியில் பேரம் பேசினாளாம். என் பேத்தி.

14 ஜூலை, வெள்ளி

காலை 10.50. கடை. ஜெகதீசன் போன் செய்தான்.

"மாமா, வெங்குர்லாவுல கம்பளி விக்குதுங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ரெண்டு பேல் போட்டிருப்பனுங்களே."

என்ன உளறுகிறீர்கள் என்றேன்.

"நம்ம மயில் மார்க்கா அஞ்சு பேல் கடலோர வண்டில ஏறுதுன்னு கோலாப்பூர் கொட்டகைல ஆளுங்க பேசிக்கிட்டாங்களாமுங்க. வட்டத்துக்குள்ள மயில். இந்த மாநிலத்துல அது யாரு மார்க்கான்னு தெரியாத லோடுமேன் உண்டுங்களா? எங்கிட்டயே கேட்டாங்க, சேட்டுக்குப் புத்தி கெட்டுப் போச்சா, கொங்கணத்துக்குக் கம்பளி அனுப்பறாருன்னு."

அவன் பின்னால் பஸ் நடத்துனர் கத்துவது கேட்டது. சாவந்த்வாடி, சாவந்த்வாடி. அங்கிருந்து வெங்குர்லா முக்கால் மணி நேரம்.

11.02. வாசுகி எடுக்கவில்லை.

11.06. எடுக்கவில்லை. மருந்துக்கடை எண் என்னிடம் இல்லை. வாங்கி வைக்கவில்லை.

11.15. நளினி பரப் எடுக்கவில்லை. முந்திரி உடைக்கும் சத்தத்தில் கேட்காது.

11.20. வாசுகி எடுக்கவில்லை. அந்தப் பக்கம் கனமழை, சிக்னல் இருக்காது என்று கணக்கப்பிள்ளை சொல்கிறான். வாயை மூடு என்றேன்.

11.40. நளினி பரப் எடுத்தாள். ஒரே வரியில் சொன்னேன். "வைங்க போனை" என்றாள்.

12.30. ஒன்றுமில்லை.

2.00. ஒன்றுமில்லை. சாக்கு மேல் மயில் ஸ்டென்சில் தகட்டை வைத்துப் பிரஷ் ஓட்டியது என் கைதான். தைத்து முடித்ததும் ஸ்டென்சில் எடுப்பது நாற்பது வருடப் பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது. போட்டது நினைவுகூட இல்லை.

3.45. நளினி பரப் பேசினாள். இரண்டு பேரும் பத்திரம்.

15 ஜூலை, சனி

நடந்ததை முழுதாகக் கேட்டு எழுதுகிறேன். அவன் பன்னிரண்டரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறான். ரசீதில் இருந்த பெயரைச் சொல்லி வீடு விசாரித்திருக்கிறான். முந்திரிக் கொட்டகை வாசலில் நளினி பரப் நின்றிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இருபது பெண்கள், முழங்கை வரை முந்திரி எண்ணெய்க் கறுப்போடு, கையில் கொட்டை உடைக்கும் கட்டையோடு. கும்பிடு போட்டுத்தான் பேசியிருக்கிறான். என் மனைவி, என் குழந்தை என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறான்.

"இங்க எல்லாரும் யாரோ ஒருத்தரோட மனைவிதான்" என்றாளாம் நளினி பரப். "நீ எதைக் கேக்கறே?"

அவர்கள் அவனை நிறுத்தி வைத்துப் பேசிய நேரத்தில், மருந்துக்கடைக்கு ஆளனுப்பிக் கூட்டி வந்திருந்த வாசுகி பின்வாசல் வழியாக வெளியேறி, பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை பாத்ரூம் இல்லை. நடந்தது நடந்தபடி, ஏழு வருடத்தையும். எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனதாம்.

அங்கிருந்து எங்கே போனாள் என்று நளினி பரப் சொல்லவில்லை. வக்கீல் அம்மாவும் சொல்லவில்லை.

17 ஜூலை, திங்கள்

லாரி ஆபீசுக்குப் போய் மானேஜரைக் கண்டபடி பேசினேன். ஆளாளுக்குச் சரக்கைப் பற்றி வாயளக்கிறார்களே, இது லாரி ஆபீசா சந்தைக்கடையா என்றேன். அவன் தண்ணீர் கொடுத்தான். "சேட், உங்க மார்க்காவைப் பார்த்தா ஜாக்கிரதையா இறக்கணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தீங்க" என்றான். வந்துவிட்டேன்.

வீட்டில் மழையைத் திட்டினேன். கோலாப்பூர்க்காரர்களைத் திட்டினேன். மயிலாத்தாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஓயும்வரை நறுக்கினாள்.

"மார்க்காவ யாருங்க போட்டது?"

"பழக்கதோசம். கை தானாப் போயிருச்சு."

"பிள்ளைய ஒளிச்சு வெக்கறதுக்கும் உங்க முத்திரையைக் குத்தித்தான் அனுப்போணுமா?"

அந்த மயில் இவள் பெயருக்காக வைத்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

22 ஜூலை, சனி

புதிதாக ஆறு ஊர் எழுதிக்கொண்டு வக்கீல் அம்மாவிடம் போனேன். எல்லாம் உள்ளடங்கிய ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தேன். அவர் தாளை வாங்காமலே சொன்னார்: "வாசுகி ஊர் பார்த்துவிட்டாள், சேட்ஜி. வேலையும் கிடைத்துவிட்டது. ஜெகதீசன் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவும் வந்துவிட்டது."

எந்த ஊர் என்றேன்.

"அதைப் பற்றி அவளே உங்களிடம் பேசுவாள்."

அவளுக்கு ஊர் பார்க்கத் தெரியுமா? பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தாளா? தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்தாளா? ஒரு மருந்துக்கடையும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தால் ஊர் ஆகிவிடுமா? இதையெல்லாம் நான் வக்கீலிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

25 ஜூலை, செவ்வாய்

ஜெகதீசன் போன். "மாமா, ஒரே ஒரு தடவை ஊரு பேரு மட்டும்." தெரியாது என்றேன். நம்பவில்லை. நான் சொல்வது நிஜம் என்று அவனிடம் நிரூபிக்க வேண்டும் போல ஒரு ஆத்திரம் வந்தது. என்ன பிழைப்பு இது.

30 ஜூலை, ஞாயிறு

வக்கீல் அலுவலகத்தில் வாசுகியைப் பார்த்தேன். குழந்தையைக் கூட்டி வரவில்லை. மணிக்கட்டு இளைத்திருந்தது, ஆனால் இரண்டு கையாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மயிலாத்தாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

"ஊரு எதுன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டனுங்ப்பா" என்றாள். எடுத்த எடுப்பில் இதுதான்.

"ஏங்கண்ணு, நான் போய் அவன்கிட்டச் சொல்லிருவன்னு நெனைக்கறயா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்களுக்குத் தெரிஞ்சாலே போதுமுங்க, அது எப்படியோ போயிரும்."

"ஜில்லா மட்டும் சொல்லு."

"மாட்டன்."

"செரி, கடலா மலையா? அதுல என்ன வந்துரப் போகுது?"

"எதுக்குங்க?"

"இல்ல, மலைன்னா மழைக்காலத்துல குழந்தைக்கு நல்ல கம்பளியா ரெண்டு…"

"பாத்தீங்களா" என்றாள்.

மயிலாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

நானும் விடவில்லை. நாற்பத்தாறு வருடம் பேரம் பேசியவன். தினம் ஒரு போன் என்றேன். வாரம் ஒன்று என்றாள். குழந்தையைத் தீபாவளிக்கு அனுப்பு என்றேன். முடியாது என்றாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெருவையாவது பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், யாரோடும் பேச மாட்டேன் என்றேன்.

"அப்பா, நான் எந்த ஊருக்குப் போனாலும் சென்னாப்பா சேட் பொண்ணுன்னுதான் சொன்னாங்க. ரெண்டு தடவ நீங்க என்னைய அவருகிட்டத் திருப்பிக் கொண்டுபோயி உட்டப்பவும் அந்தப் பேருதான் முன்னால வந்துச்சு. சேட் பொண்ணு வாழாவெட்டியா வந்துட்டான்னு சொல்லக் கூடாதுன்னு. இப்ப நான் இருக்கற ஊருல உங்களத் தெரிஞ்சவங்க ஒருத்தருமில்ல. நல்லாத் தூக்கம் வருதுங்க."

அறையில் ஏசி அதிகமாக இருந்தது. எழுந்து போய்க் குறைத்தேன். குறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், "செரி, உன்ற விலைக்கே முடிச்சுக்கலாம்" என்றேன்.

முடிந்த பேச்சு இது. ஊர் பெயரை அவள் சொல்ல மாட்டாள். நான் கேட்கவும் கூடாது, ஆள் வைத்துத் தேடவும் கூடாது. வக்கீல் அலுவலக எண்ணிலிருந்து ஞாயிறு பதினொரு மணிக்கு இணைப்புக் கொடுப்பார்கள். குழந்தையோடு பத்து நிமிடம் பேசலாம், ஜன்னலில் என்ன தெரிகிறது என்று அவளிடம் கேட்கக் கூடாது. சாமான் எதுவும் அனுப்பக் கூடாது. ஜெகதீசனோ சங்கத்தில் யாருமோ கேட்டால் தெரியாது என்று ஒரே வார்த்தை, அதற்கு மேல் விளக்கம் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மயிலாத்தாள் மட்டும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம். அவளைப் புனே ஸ்வார்கேட் பஸ் நிலையத்து வாசல்வரை நான் கொண்டுபோய் விடலாம். பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, எந்த பஸ்ஸில் ஏறுகிறாள் என்று பார்க்காமல் திரும்பிவிட வேண்டும்.